பறந்த மணித்தியாலங்கள் வீண்போவதில்லை

(நூற்றாண்டு நிகழ்வுகளின் ஓர் அங்கமாகப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்குசெய்த தொழில் வழிகாட்டல் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது "வானத்தில் பெண்கள்" என்ற தலைப்பில் பேசச் சொன்னார். நல்ல தலைப்புத்தான். ஆனால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கேட்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, என்னட்ட வெளிநாட்டு லைசென்ஸ் இருக்கு. கலியாணம் கட்டி அமெரிக்கா வந்திட்டன். இனி இங்க முதல்ல இருந்து துவங்கவேணுமோ?" ஆகவே செயலாளரின் அனுமதியுடன் தலைப்பைச் சுருக்கிக்கொண்டேன். வேறொரு நாட்டில் பெற்ற விமானி அனுமதிப்பத்திரத்தோடு அமெரிக்காவுக்குப் போகும் ஒருவர், அங்கே விமான சேவை விமானிக்குரிய உயர்ந்த சான்றிதழான ஏ.ரி.பி. சான்றிதழை எப்படிப் பெறுவது என்பதே இன்று நான் சொல்லப்போவது.

இந்த மண்டபத்தில் விமானிகள் அதிகம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் வைத்தியர்கள், தாதியர், கணக்காளர்கள், பொறியியலாளர்கள் பலர் இருக்கிறீர்கள். ஒரு நாட்டில் படித்துத் தேறிய தொழிலை இன்னொரு நாட்டில் திரும்பவும் நிரூபிக்க வேண்டிய நிலை உங்களில் பலர் அனுபவித்ததே. ஆகவே நான் சொல்லப்போவது உங்களுக்கும் புதிய கதை அல்ல.

முதலில் அடிப்படையைச் சொல்கிறேன். 1944 டிசம்பர் 7ஆம் திகதி சிக்காகோவில் 52 நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு அதிலிருந்தே பிறந்தது. அதன் தலைமையகம் மொன்றியல் நகரில் இருக்கிறது. அந்த உடன்படிக்கையின்படி, ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டிருக்கிறதோ, அந்த நாடு வழங்கிய, அல்லது அந்த நாடு ஏற்றுக்கொண்ட அனுமதிப்பத்திரம் விமானியிடம் இருக்க வேண்டும். இலங்கையில் பதிவான ஒரு பெரிய விமானத்தை இலங்கை அனுமதிப்பத்திரத்துடன் நியூயோர்க்கில் கொண்டுபோய் இறக்கலாம். ஆனால் அதே விமானி, அங்கே பக்கத்தில் நிற்கும் அமெரிக்கப் பதிவுள்ள இரண்டு இருக்கைச் சிறு விமானத்தை அந்தப் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. இது எங்கள் திறமை மீதான சந்தேகம் அல்ல. அனுமதிப்பத்திரம் என்பது ஓர் அரசாங்கம் கொடுக்கும் உத்தரவாதம். இன்னொரு அரசாங்கம் தன் உத்தரவாதத்தைத் தானே சோதித்துக் கொடுக்க விரும்புகிறது.

அமெரிக்காவில் இதற்குப் பொறுப்பான நிறுவனம் எவ்.ஏ.ஏ. என்று அழைக்கப்படும் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம். அங்கே போகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது ஓர் இலகுவான வழி. வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தை அடிப்படையாக வைத்து, பறப்புப் பரீட்சை எதுவும் இல்லாமலே, தனியார் விமானி சான்றிதழ் ஒன்றைத் தருவார்கள். பலர் இதைப் பெற்றுக்கொண்டு, மாற்றும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அது முடியவில்லை. அந்தச் சான்றிதழை வைத்துச் சம்பளத்துக்குப் பறக்க முடியாது. அது உங்கள் சொந்த நாட்டுப் பத்திரத்தில் தங்கி நிற்பது. அந்தப் பத்திரம் செல்லுபடியற்றுப் போனால் இதுவும் பயன்படாது.

விமான சேவையில் வேலை செய்வதற்கு வேண்டியது ஏ.ரி.பி. சான்றிதழ். அதற்கு நேரடி மாற்றம் கிடையாது. பரீட்சைகள் எழுதியே ஆகவேண்டும். ஆனால் முதலில் இருந்து தொடங்கவும் தேவையில்லை. பலருக்குத் தெரியாத இடம் இதுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் கல்லூரிப் பிள்ளை ஒருவர் அமெரிக்காவிலிருந்து என்னை அழைத்தார். வளைகுடா நாடொன்றில் துணை விமானியாக 2,700 மணித்தியாலங்கள் பறந்தவர். அங்கே ஒரு பயிற்சி முகவர் அவரிடம், தனியார் சான்றிதழ், கருவிப் பறப்புத் தகுதி, வர்த்தக சான்றிதழ் என்று எல்லாவற்றையும் படிப்படியாகத் திரும்ப எடுத்தால்தான் ஏ.ரி.பி. பரீட்சைக்கு அமரலாம் என்று சொல்லியிருந்தார். அந்தச் செலவுக்காக ஊரில் தாய் தகப்பன் இருந்த காணியை ஈடுவைக்க ஆயத்தமாகிவிட்டார்கள். "அம்மா கடுதாசி எல்லாம் எடுத்து வைச்சிட்டா அக்கா" என்று அந்தப் பிள்ளை சொன்னார்.

நான் அவரிடம் அமெரிக்க விதியை வாசிக்கச் சொன்னேன். சிக்காகோ உடன்படிக்கையில் சேர்ந்த ஒரு நாடு வழங்கிய, கருவிப் பறப்பு உரிமையுள்ள விமான சேவை விமானி அனுமதிப்பத்திரம், அல்லது கருவிப் பறப்புத் தகுதியுள்ள வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் இருந்து, அதில் "இந்த நாட்டுக்குள் மட்டும்" என்பதுபோன்ற புவியியல் கட்டுப்பாடு எதுவும் இல்லாவிட்டால், அதையே அடிப்படையாக வைத்து ஏ.ரி.பி. பரீட்சைக்கு நேரே போகலாம். இடையில் உள்ள அமெரிக்கச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையின் பத்திரம் இதற்குப் பொருந்தியது. காணி ஈடு போகவில்லை. தேவையான கற்கைநெறிக்கும் பரீட்சைக்கும் அவர் தன் சேமிப்பிலேயே கட்டினார். தங்கைமாரே, எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் காசு கட்டுவதற்கு முன் விதியை நீங்களே வாசியுங்கள். அது எல்லோருக்கும் திறந்திருக்கும் பொது ஆவணம்.

இனித் தகுதிகளைச் சொல்கிறேன். வயது 23 நிறைந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் வாசிக்க, பேச, எழுத, விளங்கிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும் என்றும் விதி சொல்கிறது. எங்கள் அதிபர்மார் தரும் நற்சான்றிதழ் நினைவுக்கு வருகிறதல்லவா? பிறகு அனுபவம். மொத்தமாக 1,500 பறப்பு மணித்தியாலங்கள். அதற்குள் தூரப் பறப்பு 500, இரவுப் பறப்பு 100, கருவிப் பறப்பு 75, பல இயந்திர விமானத்தில் 50, விமானத்தின் பொறுப்பு விமானியாக 250.

இந்த மணித்தியாலங்கள் எந்த நாட்டு வானத்தில் பறந்தவை என்று ஒருவரும் கேட்பதில்லை. இரத்மலானையில் பயிற்சி விமானத்தில் பறந்த முதல் மணித்தியாலமும் கணக்கில் வரும். பத்திரத்தை நாடு தருகிறது. மணித்தியாலம் உங்கள் சொந்தச் சம்பாத்தியம். அது உங்களோடு எங்கும் வரும். ஆனால் ஒழுங்காக எழுதி வைத்திருந்தால் மட்டுமே வரும்.

எங்கள் பெண்களுக்கு வழக்கமாகக் குறைவது அந்தக் கடைசி 250தான். பயிற்சி முடித்த கையோடு பெரிய விமானத்தில் துணை விமானியாகச் சேர்ந்தவர்களிடம் ஆயிரக்கணக்கான மணித்தியாலம் இருக்கும், பொறுப்பு விமானியாகப் பறந்தது குறைவாக இருக்கும். இதற்கும் விதியில் இடமுண்டு. கப்டனின் மேற்பார்வையில், பொறுப்பு விமானியின் கடமைகளைத் துணை விமானி செய்த நேரத்தையும் இந்த 250இல் சேர்க்கலாம். அதை நிரூபிக்க வேண்டும் என்றால் அன்றன்றைக்கே பறப்புப் பதிவேட்டில் எழுதி, கப்டனின் கையொப்பத்தையும் வாங்கிவிடுங்கள். பத்து வருடம் கழித்து அந்தக் கப்டனைத் தேடிக்கொண்டு திரிய முடியாது.

அடுத்தது, இந்தப் பயணத்தில் பலர் சலித்துக்கொள்ளும் இடம். ஏ.ரி.பி. எழுத்துப் பரீட்சைக்கு முன் சீ.ரி.பி. என்ற கட்டாயக் கற்கைநெறி ஒன்று உண்டு. வகுப்பறையில் 30 மணித்தியாலம், பறப்புப் பாவனைக் கருவியில் 10 மணித்தியாலம். அந்தப் பத்தில் குறைந்தது ஆறு, பெரிய விமானத்தைப்போலவே அசையும் முழுமையான சிமுலேற்றரில் இருக்க வேண்டும். இதற்குச் சில ஆயிரம் டொலர் செலவாகும். "பதினைந்து வருடம் ஜெற் விமானம் ஓட்டின எனக்கு இது என்னத்துக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இது ஏன் வந்தது என்று தெரிந்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது.

2009 பெப்ரவரி 12ஆம் திகதி இரவு, நியூவார்க்கிலிருந்து பபலோ நகருக்குப் போன கொல்கன் எயார் 3407 விமானம், தரையிறங்குவதற்குச் சற்று முன் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கப்போகிறது என்று எச்சரிக்கும்போது, விமானத்தின் மூக்கைக் கீழே தள்ள வேண்டும். அன்று கப்டன் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுத்தார். விசாரணையில் வெளிவந்த முக்கியமான காரணம் அதுதான். இறந்தவர்களின் குடும்பத்தினர் வீட்டில் அழுதுகொண்டு இருந்துவிடவில்லை. திரும்பத் திரும்ப வாஷிங்டன் போய், சட்டம் இயற்றுபவர்களின் கதவுகளைத் தட்டினார்கள். 2010இல் சட்டம் வந்தது. 2013இலிருந்து அமெரிக்க விமான சேவைகளின் துணை விமானிகளுக்கும் ஏ.ரி.பி. தரச் சான்றிதழ் கட்டாயமானது. 2014 ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து இந்தக் கற்கைநெறியும் கட்டாயமானது.

ஒன்றைக் கவனியுங்கள். அன்று அந்த விமானத்தை ஓட்டிய இருவரிடமும் 1,500 மணித்தியாலத்துக்கு மேல் அனுபவம் இருந்தது. ஆகவே எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் அந்த விபத்தே காட்டியது. அதனால்தான் அந்தக் கற்கைநெறியில் காற்றியக்கவியலுக்கு எட்டு மணித்தியாலம், விமான சேவை நடைமுறைகளுக்கு 14, வானிலைக்கு இரண்டு, தலைமைத்துவத்துக்கும் குழுவாக வேலை செய்வதற்கும் ஆறு என்று வகுத்திருக்கிறார்கள். நான் அந்த சிமுலேற்றரில் இருந்து, இயல்புக்கு மாறாக மூக்கைக் கீழே தள்ளிப் பழகிய நாளில் அந்த 50 பேரை நினைத்துக்கொண்டேன். கட்டிய காசு எனக்குக் கரிக்கவில்லை.

கற்கைநெறி முடிந்தபின் எழுத்துப் பரீட்சை. 125 கேள்விகள், நான்கு மணித்தியாலம், சித்தியடைய 70 புள்ளிகள். பெறுபேறு 60 மாதங்களுக்குச் செல்லும். அதன் பிறகு செய்முறைப் பரீட்சை. அதில் வாய்மொழிக் கேள்விகளும் பறப்பும் உண்டு. இதைப் பலர் ஒரு குறிப்பிட்ட விமான வகைக்கான தகுதியோடு சேர்த்து சிமுலேற்றரிலேயே எடுக்கிறார்கள். பல விமான சேவைகள் புதிதாகச் சேர்ப்பவர்களுக்குக் கற்கைநெறியையும் இந்தப் பரீட்சையையும் தங்கள் செலவிலேயே கொடுக்கின்றன. ஆகவே வேலை கிடைக்கும் வாய்ப்பு இருப்பவர்கள் அதையும் விசாரித்த பின்பே கைக்காசைக் கட்டுங்கள்.

பரீட்சைக்குப் படிப்பதைவிடப் பழக்கத்தை மாற்றுவதுதான் கடினம். மற்ற நாடுகளில் பெரும்பாலும் காற்றழுத்தத்தை ஹெக்ரோபஸ்கலில் சொல்வார்கள். அமெரிக்காவில் பாதரச அங்குலத்தில் சொல்வார்கள். நாங்கள் 1013 என்பதை அவர்கள் 29.92 என்பார்கள். 992 ஹெக்ரோபஸ்கல் என்று சொன்னதை ஒருவர் 29.92 அங்குலம் என்று விளங்கிக்கொண்டு உயரமானியைத் திருப்பிவிட்டால், அவர் நினைப்பதைவிட ஏறத்தாழ 600 அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருப்பார். மழை இரவில், மலைப்பகுதியில், 600 அடி என்பது சின்ன விடயம் அல்ல. புதிய நாட்டின் முறைகளைத் திரும்பப் படிக்கச் சொல்வது எங்களைச் சிறுமைப்படுத்த அல்ல என்பதற்கு இந்த ஒரு உதாரணமே போதும்.

இனி, ஊரைவிட்டு வெளிக்கிட முன் செய்யவேண்டிய காரியங்கள்.

முதலாவது, உங்கள் அனுமதிப்பத்திரம் உண்மையானதா, செல்லுபடியானதா என்று எவ்.ஏ.ஏ. உங்கள் நாட்டு அதிகாரசபையிடம் எழுதிக் கேட்கும். இலங்கைப் பத்திரம் என்றால் இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை பதில் அனுப்ப வேண்டும். பதில் வந்தபின் ஒக்லஹோமா நகரிலுள்ள அலுவலகம் உங்களுக்குத் தரும் உறுதிக் கடிதம் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். சில நாடுகளின் அதிகாரசபைகள் உங்கள் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பதில் அனுப்பமாட்டா. ஆகவே பத்திரத்தை உயிரோடு வைத்திருங்கள். பிள்ளைப்பேற்றுக்காகவோ குடும்பத்துக்காகவோ சில வருடம் பறக்காமல் இருந்தாலும், பத்திரம் காலாவதியாக விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பெயர். இது பெண்களுக்கும் எங்கள் தமிழ்ப் பெயர்களுக்கும் உரிய தனிச் சிக்கல். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், அனுமதிப்பத்திரத்தில் முதலெழுத்து மட்டும், கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் பின்னால் என்று மூன்று பெயரில் ஒருவரே இருப்பார். கடிதம் ஒரு பெயரிலும் அடையாள ஆவணம் இன்னொரு பெயரிலும் இருந்தால் வேலை நின்றுவிடும். பயணத்துக்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவாருங்கள். விவாகப் பதிவுச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கையில் வைத்திருங்கள்.

மூன்றாவது, பாதுகாப்பு அனுமதி. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் விமான வகைத் தகுதி போன்ற பயிற்சிகளைத் தொடங்குமுன் அங்குள்ள போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் சோதனையில் தேற வேண்டும். விரலடையாளமும் கொடுக்க வேண்டும். நான்காவது, மருத்துவச் சான்றிதழ். கப்டனாகப் பணியாற்ற முதலாம் தரச் சான்றிதழ் வேண்டும். 40 வயதுக்குட்பட்டவர்களுக்கு 12 மாதமும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதமும் அது செல்லும். ஐந்தாவது, 2025இலிருந்து அமெரிக்காவுக்கு வெளியே முகவரி உள்ளவர்கள், தங்கள் சார்பில் கடிதங்களைப் பெற்றுக்கொள்ள அங்கே ஒரு பிரதிநிதியைப் பதிவு செய்ய வேண்டும்.

ஆறாவதைத் தாய் தகப்பன்மார் கவனமாகக் கேளுங்கள். ஏ.ரி.பி. சான்றிதழ் வேறு, அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை வேறு. சான்றிதழைக் கொடுக்கும் நிறுவனம் விசா கொடுப்பதில்லை. அங்கே வசிக்கவும் வேலை செய்யவும் உரிமை இல்லாத பிள்ளை, சான்றிதழ் எடுத்தவுடன் வேலை கிடைக்கும் என்று நம்பிக் கடன்படக் கூடாது. இதைத் தெளிவாகச் சொல்லாமல் காசு வாங்குபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கனடாவிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு நல்ல செய்தி. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் விமானி அனுமதிப்பத்திரங்களை மாற்றுவதற்குத் தனி உடன்பாடு உண்டு. கனடிய அனுமதிப்பத்திரம் உள்ளவர், நிபந்தனைகளுக்குப் பொருந்தினால், சுருக்கமான எழுத்துப் பரீட்சை ஒன்றோடு அமெரிக்கச் சான்றிதழுக்கு மாறலாம். பறப்புப் பரீட்சையைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. ரொறன்ரோவில் பறக்கப் பழகும் எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

பெஸி கோல்மன் என்ற பெண்ணையும் இங்கே குறிப்பிட வேண்டும். சிக்காகோவில் நகஅழகு பார்க்கும் வேலை செய்த கறுப்பினப் பெண். கறுப்பர் என்பதாலும் பெண் என்பதாலும் அமெரிக்கப் பறப்புப் பாடசாலைகள் அவரைச் சேர்க்கவில்லை. அவர் பிரெஞ்சு மொழி படித்து, பிரான்சுக்குப் போய், 1921 ஜூன் 15ஆம் திகதி அங்கே விமானி அனுமதிப்பத்திரம் பெற்றுக்கொண்டு திரும்பி வந்தார். அமெரிக்க மத்திய அரசு தன் முதலாவது விமானி அனுமதிப்பத்திரத்தை வழங்கியது 1927இல்தான். தன் நாட்டில் கிடைக்காததைக் கடல் கடந்து எடுத்துக்கொண்டு வந்த பெண்கள், எங்கள் கல்லூரிக்கு நூறு வயது ஆகும் முன்பே இருந்திருக்கிறார்கள்.

இன்று நிலைமை மாறிவிட்டது. 1929இல் 99 பெண் விமானிகள் சேர்ந்து தொடங்கிய "நைன்ரி நைன்ஸ்" என்ற சங்கமும், 1978இல் 21 பெண்கள் தொடங்கிய சர்வதேச பெண் விமான சேவை விமானிகள் சங்கமும் பெண்களுக்குப் புலமைப்பரிசில்கள் வழங்குகின்றன. விண்ணப்பிப்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கடைசியாக, எங்கள் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சங்கம் நூற்றாண்டு நிதியம் ஒன்றைப் பற்றி யோசிக்கிறது என்று அறிகிறேன். நல்ல காரியம். அதோடு, காசு செலவில்லாத ஒன்றையும் செய்யலாம். வெளிநாட்டில் தங்கள் தொழிலுக்கு மீண்டும் அனுமதி பெற்ற பழைய மாணவிகள், வைத்தியரோ, தாதியரோ, பொறியியலாளரோ, விமானியோ, தாங்கள் எடுத்த பரீட்சைகளையும் கொடுத்த ஆவணங்களையும் ஒரு பக்கத்தில் எழுதிச் சங்கத்திடம் கொடுத்து வைக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை திருத்தட்டும். ஊரில் ஒரு தாய் காணி உறுதியை அலுமாரியிலிருந்து எடுக்கும் முன், அந்த ஒரு பக்கம் அவருடைய மகளின் கையில் இருக்கட்டும். விமானிகளுக்கான பக்கத்தை நான் எழுதித் தருகிறேன் என்று இந்த மேடையில் வாக்குத் தருகிறேன்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கும் தங்கைமாரே, பௌதிகவியலில் நீங்கள் இன்று படிக்கும் அமுக்கமும் திசைவேகமும் கொக்பிற்றில் தினமும் வேண்டியவை. நன்றாகப் படியுங்கள். என்னைத் தேடி எடுப்பதற்குச் சங்கச் செயலாளரிடம் கேளுங்கள்.